மேடையேறிய நேர்ச்சை

சிப்ரியானாவின் வாய்க்குப் பயந்து எங்கள் தப்பேரா கிராமத்தில் பாதிப் பேர் சுற்றுவழியில் போவார்கள். மீதிப் பேர் அவளுக்குச் சொந்தக்காரர்கள். அவர்களுக்கு அந்த வசதியும் கிடையாது. பபாசுப் பனங்காய் உடைப்பது அவள் தொழில். கோடரியின் வெட்டுவாய் மேலே பார்க்கும்படி காம்பைத் தொடைக்கடியில் அமுக்கிக்கொண்டு, காயை அதன்மேல் நிறுத்தி, கட்டையால் ஒரே போடு. பருப்பு ஒரு பக்கம், ஓடு ஒரு பக்கம். அவள் பேச்சும் அப்படித்தான். எதிரில் நிற்பது கவர்னரா கருவாட்டுக்காரரா என்றெல்லாம் பார்ப்பதில்லை.

அப்படிப்பட்டவள் ஒரே ஒருவரை மட்டும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். புனித பெனெதித்து. எங்கள் ஊரில் எல்லா அடுப்படியிலும் அவர் இருக்கிறார். எங்களைப் போலவே கறுப்பர், மடத்துச் சமையல்காரராக இருந்து புனிதரானவர். விடிந்ததும் முதல் கோப்பைக் காப்பி அவருக்கு வைத்துவிட்டுத்தான் நாங்கள் குடிப்போம். சிப்ரியானாவும் வைப்பாள். வைத்த கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவாள். நேர்ந்ததைச் செலுத்தாதவள் எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பாள்?

அந்த நேர்ச்சை பத்தொன்பது வருடத்துப் பழசு. அவளுடைய ஒரே மகன் வால்தினார் அப்போது சிறு பிள்ளை. பனந்தோப்பில் அவள் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தவனைப் பாம்பு கடித்துவிட்டது. ஆஸ்பத்திரி விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், சாவ் லூயிஸ் நகரத்தில். கடல் வற்றிக் கிடந்தது. தண்ணீர் ஏறினால்தான் படகு நகரும். பையனின் கால் தொடைவரை வீங்கி, ஈறில் ரத்தம் கசிந்தது. படகுத்துறைச் சேற்றில் முட்டிபோட்டு உட்கார்ந்து அவள் நேர்ந்துகொண்டாள்: "இவன் பொழைச்சான்னா உன் திருநாள்ல மேளம் வைக்கிறேன் பெனெதித்து. தீயில காய்ச்சின மேளம். உன்னை இவன் கையாலயே ஏந்தி வட்டத்துல ஆட வைக்கிறேன்." தண்ணீர் ஏறியது. பையன் பிழைத்தான்.

அன்றோடு மறந்து தொலைத்திருந்தாலாவது பரவாயில்லை. அவள் மறக்கவில்லை. முதல் சில வருடங்கள் கையில் ஒன்றுமில்லை. மேளம் வைப்பதென்றால் சும்மாவா? ஊருக்கே சோறு, சூப்பு, தொண்டை நனைய மரவள்ளிச் சாராயம் எல்லாம் வேண்டும். வளர்த்த பன்றி ஒரு வருடம் செத்துப்போனது. ஒரு வருடம் கணவன் ஒனோராத்துக்குக் கை முறிந்தது. அவன்தான் ஊரில் பெரிய மேளம் அடிப்பவன். அவன் கை இல்லாமல் யாரை வைத்து அடிப்பது? இப்படி ஆகஸ்ட் மாதத் திருநாள் ஒவ்வொன்றாக நழுவிப் போனது. அதற்குப் பிறகு வந்த தடைக்குப் பெயர் வால்தினார்.

புனிதர் பிழைக்க வைத்த பிள்ளை, வளர்ந்து, நகரத்துக்குப் போய் ஓட்டல் வரவேற்பறையில் கொஞ்ச காலம் நின்று, திரும்பி வரும்போது ஒரு மைக்கும் 'பாரம்பரியம்' என்று ஒரு சொல்லும் கொண்டுவந்தான். இரண்டையும் கீழே வைப்பதே இல்லை. 'தப்பேரா பாரம்பரிய மேளக் குழு' என்று பெயர் வைத்தான். பெண்களுக்கெல்லாம் ஒரே பூப்போட்ட துணியில் பாவாடை தைக்கச் சொன்னான். சிரித்துக்கொண்டே ஆடச் சொன்னான். எங்கள் ஊரில் மேளத்துக்கு முன்னால் சிரித்துக்கொண்டு ஆடியவள் எவளும் கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுகிற ஆட்டம் அது. விடிய விடிய ஆடுகிறதை ஓட்டல் விருந்தாளிகளுக்காக எட்டே நிமிடத்துக்கு வெட்டினான். வெட்டிவிட்டு, காப்பாற்றிவிட்டேன் என்றான்.

சிப்ரியானாவும் யோக்கியமில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். முதல் ஆளாகப் பாவாடைக்கு மூன்றடுக்குச் சரிகை வைத்துத் தைத்துக்கொண்டவள் அவள்தான். நகரத்து மேடை விளக்கு முகத்தில் விழுந்தபோது அவளுக்கும் உள்ளூரக் குளிர்ந்தது. முதல் வருடம் திருநாளன்றே நகரத்தில் நிகழ்ச்சி என்று மகன் சொன்னபோது, நேர்ச்சை நினைவு வந்தும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருடம் திறந்தாள். அதற்குள் நேரம் தப்பிவிட்டது.

"ஆகஸ்ட்டுல நம்ம ஊர்லயே மேளம் வைக்கணும்டா. உனக்காக நேர்ந்தது."

"வைக்கலாம்மா. இந்த வருஷம் மட்டும் விட்டுடு. அரசாங்கத் திருவிழா. நாம போகலேன்னா வேற ஊர்க்காரன் போயிடுவான்."

"போகட்டுமே."

"என்னம்மா நீ, புரியாம பேசற! இதையெல்லாம் நாம பாதுகாக்கலேன்னா அழிஞ்சே போயிடும்."

"உப்புத் தடவி வெயில்ல போட்டுப் பாதுகாக்கறதுக்கு இது என்ன மீனாடா? ஆடினா இருக்கும், ஆடலேன்னா இருக்காது. அவ்வளவுதான்."

"அதத்தான் ஆடறோமே!"

"ஆடறோம். புனிதருக்கா, ஓட்டல்காரனுக்கா?"

"நீ மனசுக்குள்ள புனிதரை நெனச்சுக்க. அவரு என்ன, வராம போயிடுவாரா?"

இந்தப் பேச்சு வருடா வருடம் நடந்தது. வார்த்தைகூட மாறவில்லை. தன்னைச் சாவிலிருந்து தூக்கிவந்த புனிதரையே 'மனசுக்குள்ள நெனச்சுக்க' என்று ஓரமாக உட்காரவைக்கிறான் பாருங்கள், அந்தத் திமிரை என்னவென்று சொல்வது! சிப்ரியானாவுக்கோ பயம். செலுத்தாத நேர்ச்சையைப் புனிதர் வேறு வழியில் வசூலித்துக்கொள்வார் என்று எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மகன் படகில் ஏறும்போதெல்லாம், மோட்டார் சைக்கிளில் போகும்போதெல்லாம், லேசாகத் தும்மினால்கூட அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். வெளியே திட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளே நடுங்கிக்கொண்டே இருந்தாள்.

இந்த வருடம் வால்தினார் வழக்கத்தைவிடப் பெரிய மனிதனாக வந்து நின்றான். திருநாளன்று நகரச் சதுக்கத்தில் பெரிய மேடை, பெரிய விருந்தாளிகள். ஒத்தாவியோ என்கிற மேடை இயக்குநர் எல்லாக் குழுவையும் ஆட்டிவைக்கிறார். அவருக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது.

"பழைய புனிதர் சிலை ஏதாவது இருந்தா எடுத்துட்டு வரச் சொன்னாரும்மா. மேடை நடுவுல முக்காலி போட்டு, நீல விளக்கு அடிச்சு வைப்பாராம். பாக்க நல்லா இருக்குமாம்."

சொல்லிக்கொண்டே அடுப்படிப் பலகையிலிருந்து புனிதரை எடுத்துத் துண்டில் சுற்றினான். ஒரு முழ உயரம்கூட இல்லாத மரச்சிலை. புகையேறிப் பளபளவென்று இருந்தது. அன்றைக்கு வைத்த காப்பி இன்னும் ஆறவில்லை.

ஒனோராத்து கூரையைப் பார்த்தான், இப்போது இடி விழும் என்று. விழவில்லை. சிப்ரியானா மகனையும் துண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். "சரி, எடுத்துக்க" என்றாள். அவ்வளவுதான். அன்று முழுக்க அவள் யாரையும் திட்டவில்லை. பக்கத்து வீட்டு பிலொமேனாவுக்கு அப்போதே சந்தேகம் தட்டிவிட்டது. பிலொமேனா வால்தினாருக்கு ஞானத்தாய். அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"என்ன கொமாத்ரே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள் பிலொமேனா.

"நல்லாத்தான் இருக்கேன்."

"இல்லையே. காலைலேர்ந்து ஊரு அமைதியா இருக்கு. கோழிகூட பயந்து கெடக்கு."

"திருநாளு அன்னிக்குத்தானே நிகழ்ச்சி?"

"ஆமா."

"மேளமும் வருது. புனிதரும் வர்றாரு. இந்தப் பயலும் அங்கதான் நிப்பான்."

பிலொமேனா உரித்துக்கொண்டிருந்த இறாலைக் கீழே வைத்தாள். "அடிப்பாவி" என்றாள். குரலில் கண்டனம் ஒன்றும் இல்லை, சந்தோஷம்தான் இருந்தது.

இதில் ஒரு வழக்கத்தைச் சொன்னால்தான் மீதி விளங்கும். எங்கள் ஆட்டத்தில் ஆண்கள் அடிப்பார்கள், பெண்கள் வட்டமாக நின்று, ஒருத்தி ஒருத்தியாகப் பெரிய மேளத்துக்கு முன்னால் வந்து ஆடுவார்கள். ஆடி முடித்தவள் அடுத்தவளின் வயிற்றோடு தன் வயிற்றை ஒரு மோது மோதி இடத்தைக் கொடுப்பாள். அதற்குப் புங்கா என்று பெயர். புனிதரை யாராவது கையில் ஏந்திவிட்டால் மட்டும் கணக்கே வேறு. புங்காவோடு அவர் கைமாறிக்கொண்டே போவார். யாரிடம் நீட்டுகிறார்களோ அவர் மறுக்கக் கூடாது. அவர் பீடத்துக்குத் திரும்பும்வரை மேளம் நிற்கக் கூடாது. திபூர்சியோ என்று ஒருவன் முன்னொரு காலத்தில் தண்ணீர் குடிக்க நிறுத்தினான். அவன் கை பலாப்பழம்போல வீங்கி, அந்த மழைக்காலம் முழுக்க மனைவிதான் ஊட்டிவிட்டாள். அதிலிருந்து எங்கள் ஊரில் எந்த மேளக்காரனும் அந்தப் பரீட்சை பார்த்ததில்லை.

திருநாளன்று படகேறிப் போனார்கள். மேடையில் தீ கூடாது என்றுவிட்டார் ஒத்தாவியோ. தோல் காயாமல் மேளம் எப்படிப் பேசும்? 'விளக்குச் சூடே போதும், கீழே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு என்ன தெரியப்போகிறது' என்றான் வால்தினார். சிப்ரியானா கார் நிறுத்தும் இடத்துக்குப் போய், அட்டைப்பெட்டிகளைக் கிழித்துப் போட்டுத் தீ மூட்டினாள். காவலாளி ஓடிவந்தான். அவனிடம் அவள் என்ன சொன்னாளோ, கடைசியில் அவனே இன்னும் இரண்டு பெட்டி கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். ஒனோராத்து மேளங்களைத் தீயோரம் படுக்க வைத்துக் காய்ச்சினான். நெஞ்சில் அடிக்கிற சத்தம் வந்தது.

பொழுது சாய்ந்ததும் எங்கள் குழுவை மேடைக்கு விட்டார்கள். வால்தினார் பளபளக்கும் சட்டையில் மைக்கோடு ஓரமாக நின்றான். புனிதர் முக்காலியில், நீல விளக்கில், கடையில் விலைக்கு வைத்த பொருளைப்போல இருந்தார். முன்வரிசையில் விருந்தாளிகள் கைவிசிறியோடு உட்கார்ந்திருந்தார்கள். மேளம் எழுந்தது. பெண்கள் வந்தார்கள், சுற்றினார்கள், சொன்னபடி சிரித்தார்கள். எல்லாம் ஒத்திகைப்படியே போனது. முடியப்போகிற நேரத்தில் ஒத்தாவியோ திரைக்குப் பக்கத்திலிருந்து விரலை உயர்த்தினார். வால்தினார் மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

சிப்ரியானா வட்டத்தைவிட்டு வெளியே வந்து, முக்காலியிலிருந்த புனிதரைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

ஒனோராத்துக்கு வியர்த்தது. இடுப்பில் கட்டிய மேளத்தைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டிருந்தவன் அவளைப் பார்த்தான், ஒத்தாவியோவைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். கையைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்துபோய் இன்னும் பலமாக அடித்தான். சிப்ரியானா சிரிப்பை எங்கோ வீசிவிட்டு ஆடினாள். சுற்றிவந்து பிலொமேனாவின் வயிற்றோடு மோதிப் புனிதரைக் கொடுத்தாள். பிலொமேனா இதற்காகவே பிறந்தவள்போல வாங்கிக்கொண்டாள். அவளுக்கும் புனிதரிடம் சொல்ல என்னவோ இருந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டே ஆடினாள். அடுத்தவள் வாங்கினாள். அவளுக்கு அடுத்தவளும் வாங்கினாள்.

"நன்றி! வணக்கம்! தப்பேரா பாரம்பரிய மேளக் குழு!" என்றான் வால்தினார்.

மேளம் அதைக் காதில் வாங்கவே இல்லை. ஒத்தாவியோ கழுத்தை அறுப்பதுபோலக் கையைக் காட்டினார். குதித்தார். கடைசியில் விளக்கையே அணைக்கச் சொன்னார். இருட்டிலும் மேளம் நடந்தது. அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். விளக்கை மறுபடி போட வேண்டியதாயிற்று. இயக்குநரின் அதிகாரம் அதோடு முடிந்தது.

புனிதர் சுற்றி முடித்துச் சிப்ரியானா கைக்கே திரும்பினார். அவள் நேரே மகனிடம் நடந்தாள். அவன் முன்னால் நின்று ஏந்திக் காட்டினாள். தரப்பட்டதை மறுக்கக் கூடாது. அது அவனுக்கும் தெரியும். எத்தனை கூட்டத்தில் மைக் பிடித்து விளக்கிச் சொல்லியிருக்கிறான்! வாங்கினான். எப்படி வாங்கினான் என்கிறீர்கள்? ஒரு கையால். மற்றதில் மைக் இருந்ததே.

வாங்கியவன் அடுத்து செய்ததைத்தான் சிப்ரியானாவால் இன்றைக்கும் பல்லைக் கடிக்காமல் சொல்ல முடியாது. ஜனங்களைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, குரலைச் செருமி, பேச ஆரம்பித்தான்: "பெருமதிப்பிற்குரியவர்களே, இது எங்கள் மக்களின் பழமையான வழக்கம். பிள்ளை ஆபத்திலிருந்து பிழைத்தால் ஒரு தாய் புனிதருக்கு நேர்ந்துகொள்வாள்..."

ஒரு தாயாம். ஏதோ ஊரில் யாரோ ஒருத்தி. சிப்ரியானாவுக்கு உச்சந்தலைவரை பற்றி எரிந்தது. எட்டி மைக்கின் தலையைப் பபாசுக் காயைப் பிடிப்பதுபோல உள்ளங்கையால் பொத்தினாள். அதற்குப் பிறகு பேசியது மேடைக்குக் கீழே யாருக்கும் கேட்கவில்லை.

"எந்தத் தாய்டா?"

"அம்மா, இங்க வேணாம்மா. ஜனங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும். இவங்க இப்பதான் வந்தாங்க. அவரு அன்னிலேர்ந்தே பாத்துட்டிருக்காரு. எந்தத் தாய்? எந்தப் புள்ளை?"

"வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"வீட்டுலதான் இத்தனை வருஷம் பேசினேனே, நீ கேட்ட லட்சணம் தெரியாதா? அப்பா கை ஓய்ஞ்சு போச்சு. யாருக்காக நேர்ந்ததுன்னு சொல்லு."

வால்தினார் அப்பாவைப் பார்த்தான். ஒனோராத்தின் விரல்மூட்டு வெடித்து, மேளத்தோலில் கறை படிந்திருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. அந்த அடியைக் கேட்டுக்கொண்டே நின்றவனுக்கு என்னவோ ஆயிற்று. கைக்குள்ளிருந்த சின்ன மரமுகத்தை முதல்தடவையாகக் குனிந்து பார்த்தான்.

"எனக்காக."

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவருகிட்ட சொல்லு."

"எனக்காக நேர்ந்தது" என்று புனிதரிடம் சொன்னான். குரல் உடைந்துவிட்டது.

மைக்கைத் தரையில் வைத்தான். ஒலிபெருக்கி மாடுபோல ஒரு கத்து கத்தி ஓய்ந்தது. புனிதரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெரிய மேளத்துக்கு முன்னால் போய் ஆடினான். ஆட்டமா அது! இந்த ஆட்டத்தைப் பற்றி இரண்டு நகரத்துக்குப் போதுமான அளவு பேசியவனுக்குக் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சேற்றில் இறங்கியவன்போல ஒவ்வொரு காலாகப் பிடுங்கிப் பிடுங்கி வைத்தான். பாம்பு கடித்த கால் எப்போதும் ஒரு நொடி பிந்தியே வந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிப்ரியானா சிரிக்கவில்லை. இவ்வளவு கேவலமாக ஆடுகிற பிள்ளையைப் பெற்றோமே என்று அவமானமாக இருந்தது. கூடவே, இவ்வளவு காலமும் அடிவயிற்றைப் பிடித்திருந்த ஒன்று விட்டுப்போவதும் தெரிந்தது. அவள் முகத்தை மறைக்காமல் அழுதாள்.

வால்தினார் புனிதரை முக்காலியில் வைத்தான். ஒனோராத்து கையை எடுத்தான். ஜனங்களுக்கு முடிந்ததா இல்லையா என்று தெரியாததால் யாரும் கைதட்டவில்லை. எங்களுக்கும் அது தேவைப்படவில்லை.

மேடைக்குப் பின்னால் ஒத்தாவியோ கொலைவெறியோடு நின்றிருந்தார். 'உங்கள் குழுவை இனி ஒரு மேடையிலும் ஏற்ற மாட்டேன்' என்று ஆரம்பித்தார். பாதிப் பேச்சில் யாரோ வந்து அவர் காதோடு, முன்வரிசைக்காரர்களுக்கு அந்தப் புனிதர் பகுதிதான் ரொம்பப் பிடித்துப்போயிற்றாம் என்று சொன்னார்கள். மனிதருக்கு ஒரே மூச்சில் முகம் மாறிவிட்டது. வெட்கம் என்பதைப் பெட்டியோடு வீட்டில் வைத்துவிட்டு வந்த ஜாதி. வால்தினாரின் தோளில் கைபோட்டார்.

"பிரமாதம்ப்பா! அந்தக் கடைசி அயிட்டம் இருக்கே, அம்மா, மகன், கண்ணீர், எல்லாம் ரொம்ப நேச்சுரலா வந்துச்சு. சனிக்கிழமை தோறும் ஓட்டல் நிகழ்ச்சியிலயும் இதை வச்சிடலாம். ஆனா நீளம் ஜாஸ்தி. கொஞ்சம் சுருக்கி, அம்மா அழறதோட முடிச்சுக்கலாமா?"

புனிதரைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு நின்ற சிப்ரியானாவை எல்லாரும் பார்த்தார்கள். பிலொமேனா நல்ல இடமாகப் பார்த்து நகர்ந்துகூட நின்றுகொண்டாள். ஆனால் பேசியது வால்தினார்.

"அதுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னைப் பாம்பு கடிக்கணுமே சார்" என்றான்.

தோளிலிருந்த கையை எடுத்துவிட்டு, பெரிய மேளத்தின் ஒரு முனையைத் தூக்கினான். அப்பா மறு முனையைப் பிடித்துக்கொள்ள, படகுத்துறையைப் பார்த்து நடந்தார்கள்.